நாலு நிமிடச் சுருள்

கேமராவை மேசை மேல் வைத்துவிட்டு அப்துல் மஜீத் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"வதூது பாய் குடுத்தனுப்புனது. ஒங்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னாரு. கப்பல்ல ஏழு நாளும் தலமாட்டுல வச்சுக்கிட்டுதான் தூங்குனேன்."

ரஃபியுதீன் அதைக் கையில் எடுத்தான். இரண்டு சோப்புக் கட்டிகளைச் சேர்த்து வைத்த அளவு. கனம் மட்டும் அதைவிடக் கூடுதல். பக்கத்தில் ஒரு சாவி. கடிகாரத்துக்குக் கொடுப்பது போல அதற்குச் சாவி கொடுக்க வேண்டும். பொத்தானை அழுத்தினான். உள்ளே எதுவோ கரகரவென்று ஓடியது. விரலை எடுத்தான். நின்றது.

"சினிமா கேமரா" என்றார் மஜீத். "ஆளு நடந்தா, படத்துலயும் நடக்கும்."

சிதம்பரம் கீழ வீதியில், கொளஞ்சியப்பனின் ஸ்டூடியோவில் ரஃபியுதீன் எட்டு வருடமாகப் படம் எடுக்கிறான். கல்யாண ஜோடிகள். பாஸ்போர்ட்டுக்கு முகங்கள். பட்டம் வாங்கிய பிள்ளைகள். சில சமயம் வண்டி வைத்து அழைத்துப் போவார்கள். இறந்தவரைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து வைத்திருப்பார்கள். அவர்கள்தான் நல்ல வாடிக்கைக்காரர்கள் என்பான் கொளஞ்சியப்பன். கண் சிமிட்ட மாட்டார்கள். அசையாதீர்கள் என்று சொல்வதுதான் ரஃபியுதீனின் தொழில். அசைகிற ஒன்றை அவன் எடுத்ததில்லை.

கேமராவோடு மஞ்சள் டப்பாவில் ஒரு சுருள் பிலிம் இருந்தது. ஒரு கடிதமும் இருந்தது.

வதூது அவனுடைய அக்கா ருக்கையாவின் கணவர். பினாங்கில் ஒரு சாமான் கடையில் நிற்கிறார். அவர் கப்பல் ஏறியபோது மகள் சைதுனுக்கு எட்டு மாதம். வருகிற ரஜப் மாதத்தில் அவளுக்கு ஏழு முடிகிறது. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் வருவதாக எழுதுவார். மகள் நிற்பதை அவர் பார்த்ததில்லை.

"எங்க ரூம்ல பதினோரு பேரு" என்றார் மஜீத். அவர் பரங்கிப்பேட்டைக்காரர். வதூதோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர். ஒரு மாத லீவில் வந்திருந்தார். "கடுதாசி வந்தாச்சான்னு வதூது பாய விட நாங்கதான் ஜாஸ்தி கேப்போம். எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டுவாரு. போன தடவ எழுதியிருந்தீங்களே, கப்பல் கூவுதே, அதுக்குப் பசிக்குதாம்மான்னு புள்ள கேட்டுச்சுன்னு. யா அல்லா! சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. இப்பல்லாம் தொறமுகத்துல கப்பல் கூவுனா போதும், எவனாவது ஒருத்தன், வதூது பாய், பசிக்குதாம், சோறு வையிங்கம்பான்."

"ஆமா" என்றான் ரஃபியுதீன். "நல்லா பேசும்."

"அந்தப் புள்ளய நேர்ல பாக்கணும்னு ஆசதான். எங்க, கடலூருக்கு வர நேரமில்ல. வர்ற பதினெட்டாந் தேதி நாகப்பட்டினத்துல கப்பல். அதுக்குள்ள சுருள எடுத்துக் குடுத்துடுங்க. இங்கல்லாம் கழுவ முடியாதாம். அங்கதான் குடுக்கணும்னாரு."

மஜீத் போன பிறகு ரஃபியுதீன் கேமராவை மேசை டிராயரில் வைத்து மூடினான். பிறகு திறந்து பார்த்தான்.

கப்பலுக்குப் பசி என்று சைதுன் கேட்கவில்லை. அதை எழுதியவன் அவன். ருக்கையாவுக்குத் தமிழ் எழுத வராது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அவன் சிதம்பரத்திலிருந்து கடலூர் ஓ.டி.க்குப் போவான். ஜும்மா முடித்து, சாப்பிட்டு, அக்காவுக்காக ஒரு ஏர் லெட்டர் எழுதுவான். அன்று எழுதிக்கொண்டிருந்தபோது துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாகக் கூவியது. ஓட்டு மேலிருந்த காக்கைகள் எழும்பின. சைதுன் கூடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை. அதைப் பார்த்தபடியே அவன் அந்த வரியை எழுதினான்.

ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. இருபது நாள். உயிர் தங்கிவிட்டது. அதற்கு முன்பு வாப்பா என்றும் பூ என்றும் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, காய்ச்சல் விட்டபின் கதவு அடித்துச் சாத்தினாலும் திரும்பவில்லை. புதுச்சேரியில் ஒரு டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். நரம்பு போய்விட்டது என்றார். பேச்சும் அதோடு போயிற்று.

"இந்த மாசம் எழுதாதடா" என்றாள் ருக்கையா. "அவுங்களே அங்க ஒடம்புக்கு முடியாம இருக்காங்க. அடுத்த மாசம் எழுதலாம்."

அடுத்த மாதமும் அதையே சொன்னாள். பிள்ளையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று வதூது கேட்டார். பிள்ளை இப்போது என்ன சொல்கிறாள் என்று கேட்டார். ஏதாவது எழுத வேண்டியிருந்தது. ரஃபியுதீன் எழுதினான். முதலில் ஒரு சொல். பிறகு இரண்டு. பிள்ளையின் வயதுக்குத் தகுந்தபடி பேச்சை வளர்த்தான். ஒரு கட்டத்தில் அது அவனுக்குப் பழகிவிட்டது. பஸ்ஸில் வரும்போதே சைதுன் இந்த மாதம் என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டு வருவான். தெருவில் பினாங்கில் ஆள் இருக்கிற வீடு வேறு இல்லை. வதூதிடம் போய்ச் சொல்ல யாரும் இல்லை.

"தெரிஞ்சா அவுங்க அங்கயே ஒண்ண..." என்று ருக்கையா ஒரு தடவை ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. பரங்கிப்பேட்டையில் அவள் சேக்காளி அமீருன்னிசாவுக்கு முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு பெருநாளுக்குப் பெருநாள். பிறகு அவளுக்குப் பினாங்கில் ஒரு சக்களத்தி இருக்கிற செய்தி வந்தது.

ரஃபியுதீன் கடிதத்தை எடுத்துப் படித்தான்.

'மச்சான், இதில் அவசரம் ஆகாது. ஒரு இடத்தைக் காட்டினால் மனதுக்குள் பத்து எண்ணு. அதன் பிறகு அடுத்த இடத்துக்குப் போ. வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி கேமராவை வீசாதே, பார்க்கிறவனுக்கு மயக்கம் வரும் என்று கடையில் வெள்ளைக்காரர் சொன்னார். முதலில் தூரத்திலிருந்து வீடு. பிறகு ஆள். பிறகு முகம். வெயில் உன் முதுகில் அடிக்கட்டும். சுருள் மொத்தம் நாலு நிமிடம். இரண்டு நிமிடம் ஓடியதும் நிழலில் வைத்துத் திறந்து சுருளைத் திருப்பிப் போடு, மறு பாதி ஓடும். வேறு சுருள் என்னிடம் இல்லை. பிள்ளையின் முகத்தைக் கிட்டப் போய் எடு. அவள் பேசும்போது எடு. சத்தம் வராது என்று எனக்குத் தெரியும். வாய் அசைவதைப் பார்த்தால் போதும்.'

கடைசி மூன்று வரியை அவன் மறுபடி படித்தான்.

கொளஞ்சியப்பன் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தான். விருத்தாசலம் பக்கத்துக்காரன். ஸ்டூடியோ அவனுடையது. ரஃபியுதீனை விட இரண்டு வயது பெரியவன். "என்னா பாய், மச்சான் சினிமா கம்பெனி ஆரம்பிக்கிறாரா? ஈரோயினு யாரு?"

"அக்கா மவ."

"நமக்கு ஒரு பார்ட்டு கெடைக்குமா கேளு. கட்டியக்காரன் வேசம் போதும்."

இரண்டு நாள் சுருள் போடாமல் பழகினான். கொளஞ்சியப்பன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். தேர் முட்டிக்கு அருகே ஒரு மாட்டு வண்டி போனது. ரஃபியுதீன் கேமராவின் பார்வைத் துளையில் கண்ணை வைத்து, வண்டி கூடவே கேமராவைத் திருப்பினான்.

"நீ ஏன் வண்டி கூடவே போற? நில்லு. வண்டி போவட்டும்."

"வண்டி வெளிய போயிடுது அண்ணே."

"போனா போவுது. வேற ஒண்ணு வரும். இவ்ள நாளா என்னா பண்ணுன? நீ ஆடுவ, அவன ஆடாதம்ப. இது அதுக்குத் தலகீழு. நீ பொணம் மாரி நிக்கணும். அவன் ஆடணும்."

ரஃபியுதீன் முழங்கைகளை விலாவில் ஒட்டி வைத்துக்கொண்டான். மூச்சை அடக்கினான். ஒன்று, இரண்டு என்று எண்ணினான். ஏழாவது எண்ணும்போது துளைக்குள் ஒரு கிழவர் வந்தார். கேமராவைக் கண்டதும் சட்டென்று நின்று, தோளில் கிடந்த துண்டைச் சரி செய்து, நெஞ்சை நிமிர்த்தி, அசையாமல் நின்றார்.

"நடங்க பெரியவரே" என்றான் கொளஞ்சியப்பன்.

"எடுத்தாச்சா?" என்றார் கிழவர் உதடு அசையாமல்.

வெள்ளிக்கிழமை அவன் கடலூருக்குப் போனான்.

ருக்கையா கேமராவைத் தொடவில்லை. துப்பட்டியின் ஓரத்தைப் பல்லில் கடித்தபடி தள்ளி நின்று பார்த்தாள். "படம் ஆடும்ங்கறியே, அது பேசுமா?"

"பேசாது லாத்தா. ஆளு மட்டும்தான் ஆடும்."

"நெசமா?"

"நெசமா."

"சினிமா கொட்டாயில பேசுதே."

"அது வேற. இதுல சத்தம் கெடையாது."

"பேசாதுல்ல? ஒனக்கு நல்லா தெரியும்ல?"

"மச்சானே எழுதியிருக்காங்க."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரஃபியுதீன் வெகு நாளாகப் பார்க்கவில்லை. பின்னால் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்ட சைதுனை முன்னால் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "அல்லா ஒரு வழிய காட்டிட்டான் பாத்தியா. அவ ஓடுறதையும் ஆடுறதையும் அவுங்க கண்ணால பாக்கட்டும்."

அதற்குப் பிறகுதான் அவன் மிச்சக் கடிதத்தைப் படித்தான். பேசும்போது எடு. வாய் அசைவதைப் பார்த்தால் போதும்.

ருக்கையா சைதுனின் தலையில் பேன் பார்ப்பது போல விரலால் வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாய் அசைஞ்சா போதும்னுதான எழுதியிருக்காங்க?"

"ஆமா."

"அசைப்பா. நாம பேசுறதப் பாத்தா அதே மாதிரி வாய அசைப்பா. நீ பாத்ததில்ல? நான் ஓதும்போது முன்னால வந்து ஒக்காந்துக்கிட்டு வரிக்கு வரி அசைப்பா."

"லாத்தா, எழுதிடலாம்" என்றான் ரஃபியுதீன். "இந்தத் தடவ எழுதிடலாம். படத்தோட சேத்து அனுப்பிடுவோம்."

"படம் போவட்டும். மொதல்ல அவுங்க பாக்கட்டும். பாத்தப்புறம் மனசு எளகும். அப்ப எழுதலாம்."

அடுத்த மாதம் என்பதை விட இது கொஞ்சம் நியாயமாகக்கூட இருந்தது.

காலையில் கடல் பக்கமிருந்து வெயில் வரும். வீட்டு வாசல் மேற்கு பார்த்தது. அதனால் மாலை அசர் தொழுகை முடியும்வரை காத்திருந்தார்கள். ருக்கையா பெட்டியிலிருந்து கல்யாணத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். முகம் தெரிய வேண்டும் என்றான். எந்தெந்த ஆம்பளை கழுவுகிறானோ, எவனெவன் பார்ப்பானோ என்றாள். பிறகு முகத்தைத் திறந்து வாசற்படியில் வந்து நின்றாள்.

சாவி கொடுத்தான். தலை முதல் கால் வரை ஆள் முழுவதும் உள்ளே வருமா என்று பார்த்தான். எட்டு வருடமாகச் செய்வது போல, நிற்கிற ஆளுக்குத் தகுந்தபடி கேமராவை நெட்டுக்குத் திருப்பிப் பிடித்தான். சரியாக அடங்கியது. பொத்தானை அழுத்தினான்.

"அசையாதீங்க" என்றான்.

அது அவன் வாயிலிருந்து தானாக வந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ருக்கையா அசையவில்லை. கண் சிமிட்டவில்லை. மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் சைதுன் அம்மாவைப் பார்த்துவிட்டு அதே போல விறைத்து நின்றாள். இருபது எண்ணிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"லாத்தா, நடங்க."

"நீதானடா அசையாதன்ன."

"சொன்னேன். இப்ப நடங்க."

"எங்க நடக்க?"

"எங்கயாவது. உள்ள போங்க. வெளிய வாங்க."

உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அடுப்பில் பாலை வைத்திருந்தது நினைவு வந்து அங்கேயே நின்றுவிட்டாள். கேமரா வெறும் வாசலைப் பத்து விநாடி பார்த்தது. திரும்பி வந்தபோது முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, மறுபடி படியில் நின்று, மறுபடி விறைத்தாள். முதல் பாதி அப்படியே தீர்ந்தது. கூடத்து இருட்டில் வைத்துச் சுருளைத் திருப்பிப் போட்டான். இன்னும் இரண்டு நிமிடம்.

பிள்ளையை உப்பனாற்றங்கரைக்கு அழைத்துப் போனார்கள். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் பக்கத்தில் அவளை நிறுத்திவிட்டு, அவன் முப்பது அடி தள்ளி வந்து குந்தினான். பிள்ளைகளை எடுக்கும்போது அவர்கள் உயரத்துக்குக் குந்துவது அவன் வழக்கம். ஸ்டூடியோவில் என்றால் கிலுகிலுப்பையை ஆட்டுவான், கை தட்டுவான், இங்க பாரு குருவி என்பான். இங்கே கையை மட்டும் ஆட்டினான். ஓடி வா.

சைதுன் ஓடி வந்தாள். நன்றாக ஓடி வந்தாள். பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல் தெரிய, மணல் தெறிக்க. இந்த முறை கேமராவைக் கிடையாகவே பிடித்திருந்தான்; ஓடுகிற பிள்ளைக்கு அகலம் வேண்டும். அவன் ஆடவில்லை. பத்து எண்ணினான். அவள் நிற்காமல் நேராக அவனிடமே வந்து, கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

மறுபடி போய் நிற்க வைத்தான். மறுபடி கேமராவைக் கண்ணில் வைத்தான். மறுபடி அவள் வந்து இறக்கினாள். மூன்றாவது முறைதான் அவனுக்குப் புரிந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அவன் முகம் மறைந்தாலும் குரல் இருக்கும். இவளுக்கு முகம் போனால் எல்லாம் போயிற்று.

"லாத்தா, எனக்குப் பின்னால நில்லுங்க. என் தலைக்கு மேல ஒங்க மொகம் தெரியணும். அவ ஒங்களப் பாக்கட்டும்."

ருக்கையா பின்னால் வந்து நின்றாள். துப்பட்டியின் விளிம்பு அவன் காதில் உரசியது. சைதுனைக் கை எட்டும் தூரத்தில் உட்கார வைத்தார்கள். துளைக்குள் அவள் முகம் மட்டும் இருந்தது. நெற்றியில் வியர்வை. மேல் பல் ஒன்று விழுந்த இடம். அவள் கண்கள் அவனுக்குச் சற்று மேலே பார்த்தன. படத்தில் அது வானத்தைப் பார்ப்பது போல இருக்குமா, பார்க்கிறவரைப் பார்ப்பது போல இருக்குமா என்று அவனுக்குத் தெரியவில்லை. எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று அவன் ஒருபோதும் பார்க்கப் போவதில்லை.

சாவியை முழுவதும் திருகினான். அழுத்தினான்.

"வாப்பா" என்றாள் ருக்கையா. மெதுவாக, வாயை அகலத் திறந்து மூடியிருக்க வேண்டும்.

துளைக்குள் சிறிய உதடுகள் திறந்தன. ஒட்டின. பிரிந்தன.

"வாப்பா."

உதடுகள் மறுபடி திறந்து ஒட்டிப் பிரிந்தன. சத்தமில்லை. கேமராவின் கரகரப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளை பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று பார்த்தால்கூடப் பேசுகிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று, நாலு, ஐந்து.

துறைமுகத்துக்கு வெளியே நின்ற கப்பல் கூவியது. நீளமாக, இரண்டு முறை. படகின் மேல் உட்கார்ந்திருந்த நாரை எழும்பிப் போனது. சைதுன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, எப்ப வருவீங்க" என்றாள் ருக்கையா.

சொல்லித் தராத வரி. உதடுகள் தடுமாறி, பின்தொடர்ந்தன.

"எப்ப வாப்பா வருவீங்க. ஆறு வருசமாச்சே. வந்து பாத்தீங்கன்னா..."

குரல் அதோடு நின்றது. துளைக்குள் உதடுகளும் நின்றன. பிறகு சைதுனின் கீழுதடு கோணியது. முகம் மெல்லச் சுருங்கியது. கண் நிறைந்து, கன்னத்தில் இறங்கியது. தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்று ரஃபியுதீனுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. பிள்ளை அம்மாவைப் பார்த்துச் செய்தாள். விரலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பத்து எண்ணு என்று வதூது எழுதியிருந்தார். அவன் பத்தைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தான். சுருள் தீர்ந்து உள்ளே அதன் வால் தட்டுகிற ஓசை கேட்டது.

பதினெட்டாம் தேதிக்கு முந்திய நாள் மஜீத் சிதம்பரம் ரயிலடிக்கு வந்தார். இரண்டு பெட்டி, ஒரு ஊறுகாய் ஜாடி, ஒரு பாய்ச் சுருட்டு. மஞ்சள் டப்பாவைத் துணியில் சுற்றி ரஃபியுதீன் கொடுத்தான். கேமரா இங்கேயே இருக்கட்டும், திரும்ப வரும்போது வாங்கிக்கொள்வதாக மஜீத் சொன்னார்.

"புள்ள நல்லா பேசுச்சா?"

"ம்."

"எங்க ரூம்ல ஞாயித்துக்கெழம மொதலாளி வீட்லேர்ந்து படம் காட்டுற மிசின வாங்கியாந்து போட்டுடுவோம். பதினோரு பேரும் குளிச்சு கிளிச்சு ரெடியா ஒக்காந்திருப்பானுவ."

வண்டி வந்தது. மஜீத் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். ரஃபியுதீன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"மஜீத் பாய்."

"என்னா?"

பின்னால் யாரோ கூடை கூடையாக முறுக்கு ஏற்றினார்கள். ஒருவன் அவனை இடித்துக்கொண்டு போனான். மஜீத் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"வெயில்ல வச்சிடாதீங்க" என்றான் ரஃபியுதீன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. நடுவில் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் அவன் வழக்கமான கடிதம் எழுதினான். சைதுன் இரண்டிலும் பேசினாள். கொஞ்சமாக. வதூதின் கடிதம் இந்த முறை கனமாக இருந்தது. நாலு பக்கம். ருக்கையா எதிரில் உட்கார்ந்தாள். சைதுன் அவன் வாயைப் பார்க்கத் தோதான இடத்தில் உட்கார்ந்தாள். அவன் சத்தமாகப் படித்தான்.

'மச்சான், முதல் பாதியில் என் பெண்டாட்டியைப் படுக்க வைத்துவிட்டாய். வாசற்படி சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது, அதில் ஒட்டிக்கொண்டு அவள் நிற்கிறாள். மிசினைச் சாய்த்துப் பார்த்தோம், முடியவில்லை. பிறகு பதினொரு பேரும் பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பார்த்தோம். கேமராவைக் கிடையாகத்தான் பிடிக்க வேண்டும் என்று எழுத மறந்தது என் தப்பு. அவள் ஏன் அசையவே இல்லை? உள்ளே போனாளே, அப்போதுதான் உயிர் வந்தது. வராமல் போய்விடுவாளோ என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அதைத்தான் ஐந்து தடவை போடச் சொன்னேன்.'

ருக்கையா சிரித்து, உடனே வாயை மூடிக்கொண்டாள். "படுத்துக்கிட்டா பாத்தாங்க? எல்லாருமா?"

"ஆமா."

"படி."

'பிறகு பிள்ளை வந்தாள். ஓடி வந்தாள். கிட்டத்தில் முகம் வந்ததும் மஜீத் பாய்தான் முதலில் சொன்னார், வாப்பாங்குது பார் என்று. நானும் பார்த்தேன். இரண்டு தடவை வாப்பா. அதன் பிறகு ஏதோ கேட்கிறாள். எப்ப வருவீங்க என்று கேட்கிறாள் என்று ஒருவன் சொன்னான். இருக்கும். அதற்கப்புறம் அழுகிறாள். என்னைக் கூப்பிட்டு அழுகிறாள். நான் வெளியே போய் நின்றுவிட்டேன். நீ எழுதிய பேச்சையெல்லாம் இத்தனை வருடம் படித்தேன் மச்சான். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதுவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இப்போது தூக்கம் பிடிக்கவில்லை.'

ரஃபியுதீன் பக்கத்தைத் திருப்பினான். அடுத்த வரியை மனதுக்குள் படித்துவிட்டான். நிறுத்தினான்.

"ஏன் நிறுத்திட்ட?"

'தேவசகாயம் என்று ஒரு நண்பர், ரேடியோ ரிப்பேர் செய்கிறவர், அடுத்த மாதம் லீவில் ஊருக்கு வருகிறார். அவருக்கு ஊர் நம் கடலூர் செம்மண்டலம். அவரிடம் ஒரு டேப் ரெக்கார்டர் கொடுத்து அனுப்புகிறேன். அவரே வீட்டுக்கு வந்து வைத்துக் காட்டுவார். உனக்குச் சிரமம் வேண்டாம். பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைத்தால் போதும். கப்பலுக்குப் பசி என்று சொன்னதை அவள் வாயால் ஒரு தடவை சொல்லச் சொல்லு.'

"அது என்னா?" என்றாள் ருக்கையா. "இன்னொரு கேமராவா?"

"இல்ல லாத்தா. கொரல புடிக்கிறது."

அவள் அவனைப் பார்த்தாள்.

"கொரல மட்டுமா?"

"கொரல மட்டும்தான்."

வெளியே யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். சைதுன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தாள். கேமரா அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்வது அவளுக்கு இப்போது விளையாட்டு. எழுந்து போய் எடுத்து வந்தாள்.

"அமீருன்னிசாவோட சின்னப் பொண்ணு இருக்குல்ல" என்றாள் ருக்கையா, தரையைப் பார்த்தபடி. "இதே வயசுதான். நல்லா பேசும். பெருநாளைக்கு வர்றேன்னாங்க. அந்த ஆளு வர்றப்ப அத வரவச்சு..."

ரஃபியுதீன் கடிதத்தை மடித்தான்.

"வேணாம்" என்றாள் அவளே. "அந்தாளு நேர்ல வர்றாரே. எந்தப் புள்ள பேசுதுன்னு பாத்துடுவாரே."

"ஆமா."

"நாம ஊர்ல இல்லன்னு எழுதிடலாமா? நாகூருக்குப் போயிருக்கோம்னு?"

"எத்தன நாளைக்கு?"

அவள் எழுந்து போய் மாடத்திலிருந்து ஏர் லெட்டரையும் பேனாவையும் எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். மாதத்துக்கு ஒன்றுதான் வாங்கி வைப்பாள். அவள் விரல் அதன் மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

"எழுதிடுடா" என்றாள். "எனக்குச் சொல்லத் தெரியல. நீயே எழுதிடு. காய்ச்சல்லேர்ந்து எழுது. எல்லாத்தையும் எழுது."

"எழுதவா?"

"எழுது. நான் பின்னால போய் இருக்கேன்."

அவள் கொல்லைப்பக்கம் போனாள். கிணற்று உருளை சுற்றும் சத்தம் கேட்டது. நீர் இறைத்தாள், கொட்டினாள், மறுபடி இறைத்தாள்.

அவன் பேனாவைத் திறந்தான். எதிரில் சைதுன் கேமராவைக் கண்ணில் வைத்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கைகளை விலாவில் ஒட்டி வைத்திருந்தாள். கொஞ்சமும் ஆடவில்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தான். ஐந்தரை வருடம். இருபது நாள் காய்ச்சல். புதுச்சேரி டாக்டர். கப்பல். காய்ச்சலிலிருந்து ஆரம்பித்தால் பிறகு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் சொல்ல வேண்டும். கப்பலிலிருந்து ஆரம்பித்தால்? அந்த அறையில் பதினொரு பேரும் சிரித்த ஒவ்வொரு வரியையும் அவன் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். படத்தில் பிள்ளை அழுதது யாரைப் பார்த்து என்றும் சொல்ல வேண்டும். அதையெல்லாம் யோசித்துக்கொண்டே அவன் எழுதிக்கொண்டிருந்தான் என்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. குனிந்து பார்த்தான்.

'அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் நலம். குழந்தை சைதுன் நலம். உங்களைப் பற்றித்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள்.'

அறுபத்தைந்து மாதம் எழுதிய கை. மை காய்ந்துவிட்டிருந்தது. வீட்டில் வேறு ஏர் லெட்டர் இல்லை. வெள்ளிக்கிழமை, தபால் ஆபீஸ் மூடுகிற நேரம்.

கொல்லையில் உருளை நின்றது.

"எழுதிட்டியா?" என்று ருக்கையா அங்கிருந்தே கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். எதிரில் சைதுன் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, அவன் உதட்டைப் பார்த்தபடி, தானும் வாயைத் திறந்தாள்.